மூன்று என்று சொன்னவர்கள்

கூடங்குளம் பக்கம் கேள்வித்தாளோடு போன எவருக்கும் 3 என்ற எண்மேல் சீக்கிரமே சந்தேகம் வந்துவிடும். ‘அணுமின் நிலையத்தால் எங்கள் ஊருக்கு நன்மை உண்டு’ என்று ஒரு வாக்கியத்தை வாசித்துக் காட்டுவோம். முழுக்க ஒத்துக்கொண்டால் 5, ஓரளவு ஒத்துக்கொண்டால் 4, ஒத்துக்கொள்ளாவிட்டால் 2, அறவே இல்லையென்றால் 1. எந்தப் பக்கமும் சாயாதவருக்கு 3. பாடப்புத்தகப்படி 3 சொன்னவர் நடுவில் நிற்பவர். அந்த ஊர்களில் 3 சொன்ன பலர் நடுவில் நிற்கவே இல்லை. ‘நடுவுலயே போட்டுக்கிடுங்க சார்’ என்று சொல்லிவிட்டுத் தெருப் பக்கம் பார்த்தவரின் 3-உம், ‘எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதுய்யா’ என்று உண்மையாகவே கையை விரித்த கிழவரின் 3-உம் கம்ப்யூட்டரில் ஒரே கட்டத்தில் போய் விழும். அங்கிருந்து சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு என்று எல்லாம் ஒழுங்காக நடக்கும். கணக்கில் ஒரு பிழையும் இராது.

என் தொழில் இந்த எண்களைத் தயார் செய்வது. பாளையங்கோட்டையில் புள்ளியியல் படித்துவிட்டு, ஆய்வு செய்கிறவர்களுக்குக் கேள்வித்தாள் அமைத்துக் கொடுப்பது, களப்பணிக்குப் பிள்ளைகளைப் பழக்குவது, வந்த விடைகளை எண்ணாக்கி அட்டவணை போடுவது என்று காலம் போயிற்று. தாமிரபரணிப் பாசனம், பீடித் தொழில், சுனாமி மறுவாழ்வு என்று நெல்லைச் சீமையில் கேட்காத கேள்வி இல்லை. மற்ற இடங்களில் புத்தகத்தில் இருப்பதை வைத்து ஒப்பேற்றிவிடலாம். கூடங்குளம் இருக்கும் ராதாபுரம் தாலுகாக் கடற்கரையில் அது நடக்காது.

காரணம் அந்த ஊர்களின் சமீபகாலக் கதை. நிலையத்துக்கான ஒப்பந்தம் 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்டது. கட்டுமானம் தொடங்கியது 2002-இல். 2004 டிசம்பர் 26 சுனாமியை அந்தக் கரை நேரில் பார்த்தது. ஃபுகுஷிமாவை 2011 மார்ச்சில் தொலைக்காட்சியில் பார்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் உலையின் சோதனை ஓட்டம் நடந்தபோது எழுந்த சத்தமும் நீராவியும், அதுவரை கட்டடமாக மட்டும் தெரிந்த ஒன்றை வேறொன்றாகக் காட்டிவிட்டன. இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்னால் போராட்டப் பந்தல் எழுந்தது. உண்ணாவிரதம், மறியல், 2012 செப்டம்பர் 10 அன்று போலீஸ் நடவடிக்கை, மணப்பாட்டில் துப்பாக்கிச்சூடு. ஆயிரக்கணக்கானோர்மேல் வழக்குகள் விழுந்தன. அவற்றில் தேசத்துரோகப் பிரிவும் இருந்தது. 2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நிலையத்தை அனுமதித்துப் பதினைந்து நிபந்தனைகளை விதித்தபோது, போராடியவர்கள்மேல் உள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதையும் அதில் சேர்த்தது. இப்படிப்பட்ட ஊரில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பையன் வந்து, பேர் என்ன, கதவு எண் என்ன, நிலையம் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டால், விவரமுள்ள மனிதர் 3 என்றுதான் சொல்வார்.

இன்னொன்றும் உண்டு. நாம் அவர்களை அளக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அவர்கள் நம்மை அளந்து முடித்திருப்பார்கள். ‘நீங்க எந்த ஊரு?’ என்பதுதான் முதல் கேள்வி. அதற்குச் சொல்லும் பதிலிலேயே சாதி, மதம், கடற்கரையா உள்நாடா என்பது வரை கிடைத்துவிடும். அடுத்தது, ‘யாரு அனுப்புனா?’ இந்த இரண்டு விடையை வைத்து நம்மை ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் பேச்சே தொடங்கும். எங்கள் தொழிலில் இதற்குப் பெயரளவை என்று பேர்: கூட்டலும் கழித்தலும் இல்லை, இன்ன வகை என்பது மட்டும்தான்.

அளவைகளை நான்காகப் பிரித்துக் கொடுத்தவர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர். 1946-இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர் எழுதிய சில பக்கங்களை நகல் எடுத்து நான் எப்போதும் பையில் வைத்திருப்பேன். பெயரளவை, வரிசை அளவை, இடைவெளி அளவை, விகித அளவை. ஊருக்குக் குறியீட்டு எண் கொடுப்பது முதல் வகை. இடிந்தகரைக்கு 07, கூத்தங்குழிக்கு 11 என்று போட்டால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க முடியாது. முன்னது பின்னது மட்டும் தெரிவது வரிசை அளவை. படிகளுக்கு நடுவில் சம தூரம் இருந்தால் இடைவெளி அளவை; ஆண்டுக் கணக்கு அப்படி. உண்மையான பூஜ்யமும் இருந்தால்தான் விகித அளவை. ஆறு கிலோமீட்டர் என்பது மூன்று கிலோமீட்டரின் இரட்டிப்பு என்று துணிந்து சொல்லலாம்.

நாங்கள் கேட்கும் ஐந்து புள்ளிக் கேள்வி இதில் இரண்டாவது வகை. 4 சொன்னவர் 2 சொன்னவரைவிட இரண்டு மடங்கு சம்மதிக்கிறார் என்று எவரும் சொல்லத் துணிய மாட்டார்கள். ஆனால் சராசரி எடுக்கும்போது மட்டும் அந்தத் தயக்கம் பறந்துவிடுகிறது. ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் இந்த முறையைக் கொண்டுவந்ததே வசதிக்காகத்தான். அதற்கு முன் தர்ஸ்டன் என்பவர், நிறைய நடுவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் பதினொரு அடுக்குகளில் பிரிக்கச் சொல்லி, அதிலிருந்து வாக்கியத்தின் எடையைக் கணக்கிட்டார். பெரிய வேலை. அது வேண்டாம், நேரடியாக 1, 2, 3, 4, 5 என்று கொடுத்துக் கூட்டினாலும் ஏறக்குறைய அதே முடிவு வருகிறது என்று லிக்கர்ட் காட்டினார். பல வாக்கியங்களின் விடைகளைக் கூட்டும்போது அது பெரும்பாலும் சரி. ஒரே ஒரு கேள்வியின் சராசரியை எடுத்துக்கொண்டு இரண்டு ஊர்களை ஒப்பிடுவதற்கு அவர் பொறுப்பாக மாட்டார்.

பயிற்சி வகுப்பில் பிள்ளைகளுக்கு இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுக் காட்டுவேன். ஒரு ஊரில் நாலு பேர், நாலு பேருமே 4 சொல்கிறார்கள்; சராசரி 4. இன்னொரு ஊரில் இரண்டு பேர் 5, இரண்டு பேர் 2, சராசரி 3.5. முதல் ஊர்தான் கூடுதல் ஆதரவு என்று எழுதிவிடுவோம். இப்போது 5 என்ற இடத்தில் 10 என்று எழுதிக்கொள்வோம். வரிசை மாறவில்லை, 10 என்பது 4-க்கு மேலேதான். ஆனால் இரண்டாம் ஊரின் சராசரி 6 ஆகிவிடுகிறது. ஆதரவு இடம் மாறிப் போய்விட்டது. எந்த மனிதரும் மனம் மாறவில்லை, நாம்தான் எண்ணை மாற்றினோம். வகுப்பில் இதற்கு ஒரு சிரிப்பு எழும். பிறகு எல்லோரும் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் சராசரி எடுக்கப் போய்விடுவார்கள்.

கூடங்குளத்தில் சராசரியால் வரும் கேடு இதைவிட வெளிப்படையானது. ஒரு பேச்சுக்கு, நூறு பேரில் ஐம்பது பேர் 1, ஐம்பது பேர் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 3. நூறு பேரும் ‘எனக்கென்ன’ என்று 3 சொன்ன ஊருக்கும் அதே சராசரி. முதல் ஊர் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, இரண்டாவது ஊர் தூங்குகிறது. இரண்டுக்கும் ஒரே எண்ணை எழுதி, ‘மக்கள் நடுநிலையான மனப்பான்மை கொண்டுள்ளனர்’ என்று ஒரு வரியும் சேர்த்த அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தூரத்தை எடுத்துக்கொள்வோம். அது விகித அளவை, அதில் சண்டைக்கு இடமில்லை என்றுதான் தோன்றும். நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட அச்சம் குறையும் என்பது உலகம் முழுக்க ஆய்வாளர்கள் வைத்துப் பார்க்கும் மாதிரி. தூரம் ஒரு பக்கம், அச்ச மதிப்பெண் மறுபக்கம், நடுவில் ஒரு சாய்கோடு. திட்டமிடுகிறவர்களுக்கும் வட்டம் பிடிக்கும்: ஐந்து கிலோமீட்டர் ஒரு வட்டம், அவசரகாலத் திட்டத்துக்குப் பதினாறு கிலோமீட்டர் ஒரு வட்டம். கூடங்குளம் ஊரும் இடிந்தகரையும் அந்த ஐந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன. கூடங்குளத்தில் கடை வைத்திருப்பவருக்கு நிலையம் என்றால் ஒப்பந்த வேலையும் வீட்டு வாடகையும் டீக்கடைக் கூட்டமும்கூட. இடிந்தகரையில் அவருக்குச் சமமான தூரத்தில் இருப்பவருக்கு நிலையம் என்றால் தன் கடலுக்குள் விடப்படும் சுடுநீர். மேலும் கடல்காரரின் தூரத்தை எங்கிருந்து அளப்பது? நாம் கதவு எண்ணிலிருந்து அளக்கிறோம். அவர் நாளில் பாதியை வலை போடும் இடத்தில் கழிக்கிறார். அந்த இடம் வீட்டைவிட உலைக்குக் கிட்டத்தில்கூட இருக்கலாம். வீட்டுத் தூரத்தை வைத்து நான் போட்ட சாய்கோடு ஏறக்குறையப் படுத்தே கிடந்தது. கரைக்கு ஒரு கோடு, உள்நாட்டுக்கு ஒரு கோடு என்று பிரித்ததும் இரண்டும் எழுந்து வெவ்வேறு பக்கம் பார்த்தன.

வருமானத்தை அளப்பது இதைவிடக் கஷ்டம். மாத வருமானம் என்ற கட்டத்தைக் கண்டதும் கடற்கரையில் சிரிப்பார்கள். சிங்கிறால் பட்ட நாளும் ஒன்றும் படாத வாரமும் சேர்ந்ததுதான் அவர்கள் மாதம். ஏலத்தில் வந்த தொகையில் எண்ணெய்ச் செலவு கழித்து, படகுக்கும் வலைக்கும் பங்கு எடுத்து, மிச்சத்தைத்தான் போனவர்கள் பிரித்துக்கொள்வார்கள். அதற்குள் வியாபாரியிடம் வாங்கிய முன்பணமும் ஒரு பக்கம் இழுக்கும். சரி, வருமானம் வேண்டாம், சமூகப் பொருளாதார அளவுகோலைப் பயன்படுத்துவோம் என்றால், நகரத்துக்கு குப்புசாமி அளவுகோல், கிராமத்துக்கு உதய் பரீக்கும் திரிவேதியும் 1964-இல் அமைத்தது. பரீக் அளவுகோலில் சாதி, தொழில், படிப்பு, நிலம், வீடு, உழவு மாடு, வீட்டுச் சாமான் என்று ஒன்பது அம்சங்களுக்கு மதிப்பெண் உண்டு. லட்சக்கணக்கில் முதல் போட்ட ஃபைபர் படகும் இரண்டு எஞ்சினும் வைத்திருக்கும் உவரிக்காரர் நிலத்தில் பூஜ்யம், உழவில் பூஜ்யம் வாங்கி, இரண்டு குறுக்கம் மானாவாரிக் காடு வைத்து மழையைப் பார்த்திருக்கும் விவசாயிக்குக் கீழே போய் உட்காருவார். கலப்பைக்கான கட்டத்தில் படகைப் போடலாம் என்று ஒரு பேராசிரியர் யோசனை சொன்னார். போடலாம்தான். எத்தனை மதிப்பெண் என்று அவர் சொல்லவில்லை. கடைசியில் படகு, எஞ்சின், வலை வகை, பங்கா சொந்தமா என்று கரைக்கென்றே தனிப் பட்டியல் போட்டோம். உள்நாட்டோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டோம்.

எல்லா அளவையும் கடற்கரையில் தோற்றது என்று எண்ண வேண்டாம். லூயி குட்மன் 1944-இல் கொண்டுவந்த ஏறுபடி முறை எனக்கு மிகவும் பிடித்தது. அது மனப்பான்மையைவிடச் செயலை அளக்க ஏற்றது. கடினமான படியில் ஏறியவர் அதற்குக் கீழுள்ள படிகளில் எல்லாம் ஏறியிருப்பார் என்பது அதன் அடிப்படை. பேச்சைக் கேட்டேன், பந்தலில் உட்கார்ந்தேன், உண்ணாவிரதம் இருந்தேன், 2012 செப்டம்பர் 13 அன்று கடலுக்குள் இறங்கி நின்றேன், அக்டோபர் 8 கடல் முற்றுகைக்குப் படகில் போனேன். மேலே உள்ள விடையைப் பார்த்தே கீழே உள்ளவற்றை ஊகிக்க முடிய வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு ஊகம் சரியாக இருந்தால் அது ஒரே திசையில் போகும் அளவுகோல் என்று குட்மன் வரம்பு வைத்தார். ஆண்களுக்கு இது ஓரளவு பொருந்தியது. பெண்களிடம் கடைசிப் படியில் உடைந்தது. நாள் தவறாமல் பந்தலில் உட்கார்ந்து, அங்கேயே மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றி, கடலிலும் இறங்கி நின்ற பெண்கள் படகில் போகவில்லை. கடல் முற்றுகை ஆண்களின் வேலையாக இருந்தது. இதே நேரம் பந்தலுக்கு எப்போதாவது வந்துபோன இளவட்டங்கள் படகேறிவிட்டார்கள். ஆக என்னிடம் இருந்தது ஒரு ஏணி அல்ல, இரண்டு. ஒன்றின் உச்சியைப் பொறுமை என்றும் மற்றதன் உச்சியைத் துணிச்சல் என்றும் பெயர் வைக்க ஆசைப்பட்ட ஒரு மாணவியைத் தடுத்துவிட்டேன். நீரில் இறங்கி நிற்பதற்குத் துணிச்சல் வேண்டாமா?

நிபுணர்களோடு உட்கார்ந்தால் பேச்சு வேறு அளவைக்கு மாறும். அவர்களுக்கு ஆபத்து என்பது நிகழ்தகவும் விளைவும் பெருக்கிய எண். பால் ஸ்லோவிக் 1987-இல் எழுதிய கட்டுரையில் ஒரு பட்டியல் உண்டு: முப்பது தொழில்நுட்பங்களையும் செயல்களையும் ஆபத்து வரிசைப்படி அடுக்கச் சொன்னபோது, அமெரிக்கப் பெண் வாக்காளர் சங்கத்தாரும் கல்லூரி மாணவர்களும் அணுமின்சாரத்தை முதலாவது இடத்தில் வைத்தார்கள், நிபுணர்கள் இருபதாவது இடத்தில் வைத்தார்கள். மக்கள் அறியாமையில் பயப்படுகிறார்கள் என்று சொல்ல அந்தப் பட்டியலை எடுத்துக் காட்டுபவர்கள் உண்டு. ஸ்லோவிக் சொன்னது அதுவல்ல. மக்கள் சாவு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. கட்டுக்குள் வருமா, பிள்ளைகளைத் தொடுமா, கண்ணுக்குத் தெரியுமா, யார் சம்மதத்தில் வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள் என்றார். அதற்கும் முன்பே 1969-இல் சான்சி ஸ்டார் கணக்குப் போட்டிருக்கிறார்: தானாக விரும்பி ஏற்கும் ஆபத்து, மேலே சுமத்தப்படும் ஆபத்தைப் போலச் சுமார் ஆயிரம் மடங்கு இருந்தாலும் மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனி ஆடிக் காற்றில் கடலுக்குப் போகிறவரிடம் போய் ‘கடலைவிட இது பாதுகாப்பானது’ என்று சொன்ன பொறியாளரின் முகத்தையும், கேட்டவரின் முகத்தையும் ஒருசேரப் பார்த்தவன் நான். ‘கடலுக்கு நான் போறேன் சார். இது எங்கிட்ட வந்திருக்கு’ என்றார் அவர். ஸ்டாரின் கட்டுரையை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை.

பெருக்கலிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அலுவலகங்களில் ஆபத்துக் கட்டம் என்று ஒன்று போடுவார்கள்: நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, விளைவுக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கி நிறம் தீட்டுவது. தினமும் கால் இடறிச் சிராய்ப்பது ஐந்து தடவை ஒன்று, ஐந்து. எப்போதாவது ஒருமுறை ஊரே காலியாவது ஒன்று தடவை ஐந்து, அதுவும் ஐந்து. இரண்டுக்கும் ஒரே நிறம். வரிசை எண்ணைப் பெருக்கினால் இப்படித்தான் ஆகும்.

உச்சி எண்ணுக்கும் ஒரு சிக்கல் உண்டு. அணுசக்தி விபத்துகளுக்கு 1990 முதல் பன்னாட்டு அளவுகோல் ஒன்று இருக்கிறது, ஏழு படி. படிக்குப் படி தீவிரம் சுமார் பத்து மடங்கு கூடும் என்பது கணக்கு. ஃபுகுஷிமாவை முதலில் 4 என்றார்கள், ஒரு வாரத்துக்குள் 5 என்றார்கள், 2011 ஏப்ரல் 12 அன்று 7 என்றார்கள். செர்னோபிலும் 7. அன்றைய மதிப்பீட்டின்படி ஃபுகுஷிமாவில் வெளியேறிய கதிரியக்கம் செர்னோபிலில் வெளியேறியதில் பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் ஏழுக்கு மேல் படி இல்லாததால் இரண்டும் ஒரே இடம். எங்கள் கேள்வித்தாளிலும் இதே கதை. ‘எவ்வளவு கவலை?’ என்று கேட்டதும் இடிந்தகரையில் ஒரு அக்கா உடனே 5 என்றார். அடுத்த கேள்விக்கும் 5. பிறகு என் தாளை எட்டிப் பார்த்து, ‘இதுக்கு மேல நம்பர் கெடையாதா?’ என்றார். கூரையில் தலை முட்டியவர்கள் எல்லோரும் ஒரே உயரமாகத் தெரிவார்கள். தெரு முழுக்க 5 விழுந்தால், அதற்குள் இருக்கும் ஏற்ற இறக்கம் எதுவும் நமக்குக் கிடைக்காது. பகுப்பாய்வுக்கு அந்தத் தெரு செத்த தெரு.

அதற்காகத்தான் புளியங்கொட்டைக்குப் போனோம். ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் பிரபலப்படுத்திய பங்கேற்பு முறைகளில் விதையை வைத்து மதிப்பிடச் சொல்வது பழக்கம்தான். திண்ணையில் சாக்குக்கட்டியால் ஐந்து வட்டம் போடுவோம்: தண்ணீர், பிள்ளைகள் வேலை, குடி, கடல் வருமானம், நிலையம். பத்துக் கொட்டையைக் கையில் கொடுத்து, கவலைக்கு ஏற்றபடி பிரித்து வைக்கச் சொல்வோம். பீடி சுற்றும் பெண்கள் இலையைக் கீழே வைத்துவிட்டு இதற்குக் கை கொடுப்பார்கள். ஒரு அம்மா நிலையத்தில் நாலு வைத்தார். தண்ணீரில் இரண்டு. வேலையில் இரண்டு. மிச்சம் இரண்டைக் கையில் உருட்டிக்கொண்டு குடி வட்டத்தைப் பார்த்தார்; நிலையத்திலிருந்து ஒன்றை எடுத்து, கையிலிருந்த இரண்டோடு சேர்த்து மூன்றையும் அங்கே வைத்தார். கடல் வருமானம் காலி. கொஞ்ச நேரம் கழித்து, ‘ஒரு கொட்டைய ரெண்டா ஒடச்சு வைக்கலாமா?’ என்று கேட்டார். வரிசை அளவையில் அந்தக் கேள்வி எழவே எழாது. காலியான வட்டம் உண்மையான பூஜ்யம், ஆறு கொட்டை மூன்றின் இரட்டிப்பு. ஸ்டீவன்ஸ் கேட்ட விகித அளவை திண்ணையில் கிடந்தது.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. எல்லோர் கையிலும் பத்துதான். கவலையே இல்லாதவரும் பத்தையும் வைத்துத்தான் ஆக வேண்டும், தூக்கம் போனவரும் பத்தைத்தான் வைக்க முடியும். ஒருவருக்குள் எது பெரிது எது சிறிது என்று சொல்லும். இவர் அவரைவிட அதிகம் கவலைப்படுகிறார் என்று சொல்லாது. அதனால் கொட்டையையும் ஐந்து புள்ளியையும் சேர்த்தே கேட்டோம், சேர்த்துக் கூட்டவில்லை.

ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுக்கு ‘ஏற்புக் குறியீடு’ என்று ஒற்றை எண் வேண்டும், ஒரு ஸ்லைடில் பெரிதாகப் போட. ஊர்வாரியாக, விடைவாரியாகப் பட்டைப் படம் கொடுத்தேன். அதைச் சுருக்கித் தரச் சொன்னார்கள். சுருக்குவதற்கு முன்னால் 3-ஐ என்ன செய்வது என்று முடிவு செய்தாக வேண்டும் என்றேன். அப்போதிருந்து என் கோடிங் தாளில் 3 என்பது, இரண்டு பக்கமும் யோசித்துவிட்டு நடுவில் நிற்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னவருக்கு மட்டும்தான். தெரியாது என்றால் 9. சொல்ல விரும்பவில்லை என்றால் 8. எட்டும் ஒன்பதும் சராசரிக்குள் வரக் கூடாது என்று தாளின் தலையிலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கும். பழைய தாள்களையும் களக்குறிப்பை வைத்துத் திரும்பக் கோடிங் செய்தபோது, 3-கள் பாதிக்கு மேல் கரைந்து போயின. 8 தெருவுக்குத் தெரு சீராக விழவில்லை; வழக்கில் பேர் இருந்த வீடுகளைச் சுற்றிக் குவிந்திருந்தது, அடுத்த தெருவில் காணோம். 8-ஐ விடுபட்ட விடை என்று ஒதுக்கித் தள்ளச் சொன்னார்கள். நான் அதைத் தனி மாறியாக வைத்து இன்னொரு அட்டவணை போட்டு, அறிக்கையோடு பின்னிணைப்பாகக் கட்டி அனுப்பினேன்.